மணலூர்பேட்டைக்குப் போன கோதுமை

கொளஞ்சியப்பனைப் பற்றி எங்கள் பக்கத்தில் மூன்று கதைகள் உலவுகின்றன. ஒரு கல்யாணத்தில் விளக்கை அணைத்து, மாப்பிள்ளையை மணப்பெண்ணின் தோழி கழுத்தில் தாலி கட்ட வைத்தார் என்பது ஒன்று. கரியாலூர் மலைச்சாமியைத் திருடி டெம்போவில் ஏற்றி வந்தார் என்பது இன்னொன்று. அதற்காக மணலூர்பேட்டைக்காரர்கள் அவரைக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள் என்பது மூன்றாவது. மூன்றும் பொய். உண்மையில் நடந்தது இவற்றைவிடக் கொஞ்சம் மோசம் என்றாலும், அதை நடந்தபடி எழுதிவைப்பதுதான் அவருக்கு நல்லது.

கொளஞ்சியப்பன் கள்ளக்குறிச்சியில் மைக் செட்டும் விளக்குகளும் வாடகைக்கு விடுகிறவர். அப்பா ராமசாமி கரும்பு வெட்டப் போவார். அம்மா இருசம்மாள் நடவுக்குப் போவார். மகன் கல்யாண ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸ் சுமந்தார். விளக்கைத் தலையில் சுமப்பவன் வெளிச்சத்துக்கு நேர் கீழே நடப்பதால் ஊர்வலத்தில் எல்லார் முகமும் தெரியும், அவன் முகம் மட்டும் தெரியாது. இந்த ஏற்பாடு கொளஞ்சியப்பனுக்குப் பிடிக்கவில்லை. உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரிப் பட்டறையின் பின்பக்கம் கிடந்த பழைய ஜெனரேட்டரைப் பேசி வாங்கி, தானே பிரித்து, தானே பூட்டி, மிஞ்சிப்போன போல்ட்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொந்தத் தொழில் தொடங்கினார். அந்த போல்ட்டுகள் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. ஜெனரேட்டருக்குத் தெரிந்திருந்தது. அது தனக்குத் தோன்றிய நேரத்தில் நின்றுவிடும்.

அவரிடம் இருந்த குறை, யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல வாய் வராததுதான். ஒரே நாளில் இரண்டு கல்யாணங்களுக்கு ஒப்புக்கொள்வார். முதல் வீட்டில் தாலி ஏறியதும் விளக்குகளைக் கழற்றிக்கொண்டு இரண்டாவது வீட்டுக்கு ஓடுவார். முதல் வீட்டார் பந்தியில் உட்கார்ந்து, எது ரசம் எது பாயசம் என்று விரலால் தொட்டு நக்கிக் கண்டுபிடிப்பார்கள்.

1987 ஆவணியில் மணலூர்பேட்டை பூமாலை வீட்டுக் கல்யாணம் வந்தது. பூமாலை குத்தகை நிலத்தில் கரும்பு போடுகிறவர். ஆற்றுத் திருவிழாக் குழுவிலும் முக்கியமானவர். இருசம்மாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஆகவே கொளஞ்சியப்பனுக்கு மாமா முறை. மூத்த மகளுக்கு விடியுமுன் முகூர்த்தம். கெட்டிமேளம் கொட்டிய அதே நொடியில் ஜெனரேட்டர் நின்றது. தாலி மணப்பெண் கழுத்தில்தான் ஏறியது. இதில் சந்தேகம் வேண்டாம். முதல் முடிச்சை மாப்பிள்ளை சரியாகப் போட்டுவிட்டார். மற்ற இரண்டையும் போட வேண்டிய நாத்தனார் இருட்டில் தடவி, தாலிக்கயிற்றோடு பெண்ணின் சடைக்குஞ்சத்தையும் சேர்த்து முடிந்துவிட்டார். விளக்கு வந்தபோது மணப்பெண் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிய முடியவில்லை.

பந்தலே முடிச்சை அவிழ்க்க முண்டியடிக்க, ஒருவர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். அவர் இளைய மகள் ராஜாம்பாள். கொளஞ்சியப்பன் தலையில் அடித்துக்கொண்டிருந்த கையை இறக்கி, அந்தப் பக்கம் பார்த்தார். அதோடு சரி. மறு மாதமே அம்மாவைப் பெண் கேட்க அனுப்பினார்.

"தங்கச்சி, உன் மொகத்துக்காவ அடிக்காம வுட்டேன்" என்றார் பூமாலை. "ஒரு பொண்ணு கண்ணாலத்தை இருட்டாக்கினவனுக்கு இன்னொரு பொண்ண வேற தரணுமா?"

"அவன் இன்னாண்ணே பண்ணுவான், மிஷினு நின்னா?"

"மிஷினு நிக்காத ஆளாப் பாத்துத் தரேன்."

இருசம்மாள் வாசலில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து போவதாகத் தெரியவில்லை. கடைசியில் பூமாலை ஊர் கேட்கும்படி ஒரு சொல் சொன்னார்.

"சரி. வர்ற தை அஞ்சு, ஆத்துத் திருவிழா. சாமிங்க எறங்கற எடத்துல உன் புள்ள லைட்டு போடட்டும். பொழுது சாஞ்சதுலேர்ந்து சாமிங்க திரும்பற வரைக்கும் ஒரு வெளக்கு அணையக் கூடாது. அணையலன்னா பொண்ணு. அணைஞ்சா, இந்தப் பக்கம் காத்து வாங்கக்கூட வரக் கூடாது. சங்கராபுரம் அரங்கநாதனையும் கேட்டு வச்சிருக்கேன்."

அரங்கநாதனும் லைட் செட் வைத்திருந்தவர். அவருக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. இதைப் பூமாலை சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

கொளஞ்சியப்பன் ஜெனரேட்டரை முழுசாகப் பிரித்தார். போல்ட்டுகளுக்கு உரிய இடத்தைக் கண்டுபிடித்துப் பூட்டினார். நாலு ஹாலஜன் ஃபோகஸ் லைட் வாங்கினார். அந்த வெளிச்சத்தில் எறும்பு போனால் அதன் நிழலும் கூடவே போகும். ஊரில் அப்போது வேறு யாரிடமும் அது கிடையாது. அதனால்தான் மார்கழி நடுவில் தங்கமணி அவரைத் தேடி வந்தார்.

தங்கமணி கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி. கோதுமை நாற்றைத் தகரத் தட்டுகளில் வளர்த்திருந்தார். பாதித் தட்டுகள் கரியாலூரில், மலைக் குளிரில், திறந்த வெளியில் வளர்ந்தவை. மறுபாதி கள்ளக்குறிச்சியில் வெதுவெதுப்பான அறையில் வளர்ந்தவை. எல்லாவற்றையும் ஒரு காலியான வேர்க்கடலை கொடோனில் பெஞ்சின்மேல் வரிசையாக வைத்து, பல நாள் கடுமையான வெளிச்சம் காட்ட வேண்டும். மின்சாரத்தை நம்ப முடியாது. ஜெனரேட்டரோடு விளக்கு வேண்டும், தை பத்து வரைக்கும்.

"ஆவட்டும்மா" என்றார் கொளஞ்சியப்பன்.

அவருடைய டெம்போ டிரைவர் வேடியப்பன் முழங்கையால் இடித்தார். "அண்ணே, தை அஞ்சு?"

"அதுக்கு இன்னும் நாளு கெடக்குது, சும்மா இரு."

நாற்றுக்கு நேர் மேலே கண்ணாடித் தொட்டியில் தண்ணீர், அதற்கு மேலே விளக்கு. சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். வெளிச்சம் மட்டும் கீழே இறங்கும். வேடியப்பன் அதில் மீன் விடலாமா என்று கேட்டார். தங்கமணி கூடாது என்றார்.

"ஏம்மா, பயிருக்கு வெளிச்சம் ஜாஸ்தியானா நல்லதுதானே?" என்று கொளஞ்சியப்பன் கேட்டார். வெளிச்சம் ஜாஸ்தியானால் கெடுதல் என்று யாராவது சொன்னால் அது அவர் தொழிலுக்கே ஆகாது.

"வெளிச்சம் பயிருக்குச் சாப்பாடு மாதிரிங்ண்ணா. ஆனா பந்தியை விட்டு எந்திரிக்கவே விடாம நாள் பூரா பரிமாறிட்டே இருந்தா என்னாகும்? இலைக்குள்ள வேலை செய்யற பாகம் சோந்து போயிருதுங்க. அளவுக்கு மேல போனா பழுதே ஆயிரும். குளுர்ல வளர்ந்த நாத்து அவ்வளவு சீக்கிரம் சோராதுன்னு சொல்றாங்க. நம்ம மலைக் குளுரு அதுக்குப் பத்துமான்னு பாக்கறேன்."

"சோந்துபோனது அப்பிடியே போயிடுமா?"

"மங்கலான வெளிச்சத்துல வெச்சா கொஞ்சங் கொஞ்சமாத் தெம்பு திரும்பும். அதனாலதானுங்க சொல்றேன். காலைல ஆறு மணிக்குப் போட்டா ராத்திரி எட்டு வரைக்கும் விளக்கு அணையக் கூடாது. நடுவுல ஓய்வு கெடைச்சா என் கணக்கே கெட்டுப்போயிரும்."

விளக்கு அணையக் கூடாது. பூமாலை சொன்ன அதே நிபந்தனை. கொளஞ்சியப்பன் வேடியப்பனைப் பார்த்தார். வேடியப்பன் கூரையைப் பார்த்தார்.

தங்கமணியிடம் ஒரு மீட்டர் இருந்தது. இலையில் கவ்வி மாட்டிச் சற்று நேரம் இருட்டாக்கி, பிறகு பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடிப்பார். இலை தன் பங்குக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிவப்பொளியைத் திருப்பி விடுமாம். அதை அளந்தால் இலை எவ்வளவு சோர்ந்திருக்கிறது என்று தெரியும். வேடியப்பன் தன் காதில் மாட்டிப் பார்க்கச் சொன்னார்.

"உங்களுக்கு வேலை செய்யாதுங்ண்ணா."

"ஏன், நானும் காலையிலேர்ந்து சோந்துதான் போயிருக்கேன்."

"பச்சையா இருக்கோணும்."

விளக்கு எரியத் தொடங்கிச் சில நாளிலேயே வித்தியாசம் தெரிந்தது. கள்ளக்குறிச்சி நாற்று உயரமாகவும் மெலிசாகவும் வெளிர்பச்சையாகவும் நின்றது. நுனி வெளுக்க ஆரம்பித்தது. கரியாலூர் நாற்று குட்டை, இலை தடிப்பு, கரும்பச்சை. விளக்கைப் பார்த்து 'அவ்வளவுதானா?' என்று கேட்பதுபோல் நின்றது. மீட்டரும் அதையே சொன்னது.

பொங்கலுக்கு முந்தின நாள் மீட்டர் பழுதானது. அதைச் சரிசெய்துகொண்டு, வீட்டில் பொங்கலும் சாப்பிட்டுவிட்டு, தை ஆறு காலையில் வந்துவிடுவதாகச் சொல்லித் தங்கமணி கிளம்பினார். பேருந்தில் ஏறிய பிறகும் சன்னல் வழியே, "விளக்குங்ண்ணா!" என்றார்.

"அணையாதும்மா!" என்றார் கொளஞ்சியப்பன்.

இப்போது நிலைமை இது. கோதுமைக்கும் நாலு விளக்கு வேண்டும், ஆற்றுக்கும் நாலு விளக்கு வேண்டும். இருப்பது நாலு. ஒன்றில் தவறினால் ஒரு பெண்ணின் ஆராய்ச்சி போகும். இன்னொன்றில் தவறினால் ராஜாம்பாள் போவார், அதுவும் அரங்கநாதன் வீட்டுக்கு. தை நாலாம் நாள் டீக்கடையில் கொளஞ்சியப்பன் டீயில் வாய் வைக்கவில்லை. டீ ஆறி ஏடு படிவதைப் பார்த்து டீக்கடைக்காரரே பயந்துபோய், பால் திரிந்துவிட்டதா என்று கேட்டார்.

"வேடியப்பா, அந்தம்மா இன்னா சொல்லிச்சி?"

"வெளக்கு அணையக் கூடாதுன்னுச்சி."

"எங்க எரியணும்னு சொல்லிச்சா?"

வேடியப்பன் டீயைக் கீழே வைத்தார். "அண்ணே, வாணாம்."

"சொல்லிச்சா இல்லியா?"

"சொல்லல."

மறுநாள் காலை டெம்போவில் ஜெனரேட்டர் ஏறியது, கண்ணாடித் தொட்டி ஏறியது, கோதுமைத் தட்டுகள் எல்லாம் ஏறின. நாலு பக்கமும் கழி நட்டு, காற்றுப் படாமல் தார்ப்பாய் மூடினார்கள். உள்ளே ஒரு ஹாலஜன் விளக்கு எரிந்தது. ஒன்றுக்கு மேல் போட்டால் தார்ப்பாய் பற்றிக்கொள்ளும். ஜெனரேட்டர் தடதடக்க, பட்டப்பகலில், வயிற்றுக்குள் விளக்கெரியும் ஒரு நீலக் கூடாரம் கள்ளக்குறிச்சியை விட்டுப் புறப்பட்டது.

"ஏண்ணே, வெளியே சூரியன் சும்மாத்தானே கீது? பாயை எடுத்துட்டாப் போதாதா?"

"சூரியனையா அந்தம்மா வாடகைக்கு எடுத்துச்சு? நம்மளத்தான் எடுத்துச்சு. ஓட்டு."

சங்கராபுரத்தில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"உள்ள இன்னாய்யா எரியுது?"

"லைட்டுங்க."

"பகல்ல எதுக்குய்யா லைட்டு?"

"பயிருக்குங்க."

போலீஸ்காரர் தார்ப்பாயைத் தூக்கினார். வெள்ளை வெளிச்சத்தில் தட்டுத்தட்டாகப் பசும் முளை தளதளத்தது. அவர் சட்டென்று தொப்பியைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் பேருந்துக்கு நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "மொளப்பாரிடீ!" என்றது ஒரு குரல்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. தட்டில் முளைவிட்ட தானியத்தை மூடி மறைத்து, விளக்கேற்றி, திருவிழா நாளில் ஆற்றுப் பக்கம் கொண்டுபோனால் அது முளைப்பாரி இல்லாமல் வேறு என்ன? கொஞ்ச நேரத்தில் ஒருவர் கற்பூரம் ஏற்றினார். ஒருவர் தேங்காய் உடைத்தார். மஞ்சள் தண்ணீரும் குங்குமமும் தட்டுகளின்மேல் விழுந்தன.

"எந்த ஊரு மொளப்பாரிங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

கொளஞ்சியப்பன் வாயைத் திறப்பதற்குள், உடைத்த தேங்காயில் ஒரு மூடியைக் கையில் வாங்கிக்கொண்ட வேடியப்பன் பதில் சொல்லிவிட்டார்: "கரியாலூருங்க. மலையிலேர்ந்து வருது."

பாதித் தட்டுகளைப் பொறுத்தவரை இது உண்மைதான்.

டெம்போ மெதுவாகப் போனது. செய்தி பேருந்தில் போனது; போகிற வழியில் முளைப்பாரி மலைச்சாமியே ஆகிவிட்டது. மணலூர்பேட்டை எல்லையில் மேளக்காரர்களோடு பூமாலை நின்றிருந்தார். கரியாலூர் மலைச்சாமி முதன்முறையாக ஆற்றுக்கு வருகிறது, அதை அழைத்து வருகிறவர் நம் இருசம்மாள் மகன். அவர் தன் கையாலேயே கொளஞ்சியப்பன் கழுத்தில் மாலை போட்டார்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடா?"

"மாமா, வந்து..."

"அடக்கத்தைப் பாரு!" என்றார் பூமாலை, பக்கத்திலிருந்தவரிடம்.

மாமா என்று கூப்பிட்டதற்குத் திட்டு வாங்காதது கொளஞ்சியப்பனுக்கு அதுவே முதல் தடவை. இந்த நேரத்தில் இது வெறும் கோதுமை என்று சொல்ல எந்த மனிதனுக்கு மனம் வரும்? அவருக்கு வரவில்லை.

ஆற்று மணலில் எள் போட இடமில்லை. கரும்புக் கட்டுகளும் சுருளிக்கிழங்குக் குவியல்களும் ஒரு பக்கம், ராட்டினம் ஒரு பக்கம். ஊர் ஊராகச் சாமிகள் தோளேறி வந்து இறங்கின. பொழுது சாய்வதற்குள் நாலு விளக்குகளும் சவுக்குக் கம்பங்களில் ஏறிவிட்டன. ஒரு விளக்கின் அடியில் கண்ணாடித் தொட்டி, அதன் அடியில் கோதுமை. பார்த்தவர்கள், மலைச்சாமிக்கு மட்டும் தீர்த்தம் தலைக்குமேல் இருக்கிறதே என்று வியந்தார்கள்.

ராஜாம்பாள் தட்டுகளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கம்பத்தடிக்கு வந்தார்.

"மலைச்சாமிக்கு எதுக்குத் தட்டுல நம்பரு ஒட்டியிருக்கீங்க?"

கொளஞ்சியப்பன் முழுக்கதையையும் சொல்லிவிட்டார். அவரிடம் பொய் சொல்ல வரவில்லை, சொன்னாலும் நின்றிருக்காது. ராஜாம்பாள் சிரிக்காமல் கேட்டதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"ஆக, எங்கப்பாகிட்ட ஒரு வெளக்கு, அந்தம்மாகிட்ட அதே வெளக்கு?"

"ஆமா."

"நாளைக்கி எனக்கும் இன்னொருத்திக்கும் இதே மாதிரி உன்னைப் பங்கு வைப்பியா?"

"ஐயோ, உங்கப்பன் சத்தியமா இல்ல."

"எங்கப்பன் மேல ஏன் சத்தியம் பண்ற? உன் ஜெனரேட்டர் மேல பண்ணு."

சாமிகள் தீர்த்தவாரிக்கு இறங்கும் நேரம் காற்று எழுந்தது. ஒரு விளக்கைக் கட்டியிருந்த பட்டி தளர்ந்து, விளக்கு தலைகீழாகத் தொங்கப் பார்த்தது. கொளஞ்சியப்பன் கம்பத்தில் ஏறி, கையில் ஈரச்சாக்கைச் சுற்றி அதைப் பிடித்துக்கொண்டார். கையை விட்டால் விளக்கு மணலில் விழும். அணையும். கீழே பூமாலை இடுப்பில் கை வைத்து நாலு விளக்குகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் குலவைச் சத்தம் கேட்டது. பூமாலையின் அக்கா காசியம்மாள் தலைமையில் பெண்கள் கோதுமைத் தட்டுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முளைப்பாரி என்றால் கடைசியில் ஆற்றில் விடத்தானே வேண்டும்? குட்டையும் கருப்புமாக இருந்த கரியாலூர் நாற்றை அவர்கள் சீந்தவில்லை. "இது சரியா வளரல, வூட்டுக்காரி சுத்தபத்தமா இல்ல போலகீது" என்று ஒதுக்கிவிட்டார்கள். உயரமும் வெளுப்புமாய், முளைப்பாரிக்கு உரிய லட்சணத்தோடு இருந்த கள்ளக்குறிச்சித் தட்டுகள்தான் ஆற்றை நோக்கிப் போயின.

கம்பத்தின் உச்சியிலிருந்து கொளஞ்சியப்பன் எல்லாவற்றையும் பார்த்தார். அவர் விளக்கில் எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. இறங்கினால் கோதுமையைக் காப்பாற்றலாம். ராஜாம்பாள் கிடைக்க மாட்டார். அவர் இறங்கவில்லை.

"ராஜீ!" என்று கத்தினார். அவ்வளவு பேர் முன்னால் அந்தப் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டதைக் குலவைச் சத்தம் விழுங்கிவிட்டது.

ராஜாம்பாள் அண்ணாந்து பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்.

"அத்தே! வுடாதீங்க! இது மலைச்சாமி மொளப்பாரி. தண்ணியத் தொட்டுட்டுத் திரும்ப மலைக்கே போவணுமாம்!"

"எவ சொன்னா?"

"கொண்டாந்தவங்க சொன்னாங்க. தண்ணில வுட்டா வுட்ட வூட்டு மாடு பால் கறக்காதாம்."

பெண்கள் அப்படியே நின்றார்கள். தட்டுகளின் அடியைத் தண்ணீரில் தொட்டு எடுத்தார்கள். ஆனால் எல்லாருக்கும் முன்னால் போன காசியம்மாள் தன் தட்டை ஏற்கெனவே கவிழ்த்துவிட்டிருந்தார். நாற்று தென்பெண்ணையில் மிதந்து போனது. வேடியப்பன் முழங்கால் தண்ணீரில் துரத்திப்போய்த் தகரத் தட்டை மட்டும் மீட்டு வந்தார்.

விளக்குகள் அணையவில்லை. கடைசிச் சாமி தோளேறித் திரும்பும்வரை ஒன்றுகூட அணையவில்லை. பூமாலை வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போனார். அவர் திட்டாமல் போனதே சம்மதம் என்று ஊரார் சொன்னார்கள்.

தை ஆறு காலையில் தங்கமணி கொடோனுக்குள் நுழைந்தபோது எல்லாத் தட்டுகளும் வரிசையாக, விளக்கின் கீழே, தண்ணீர் தெளிக்கப்பட்டு இருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு தட்டின்முன் நின்றார்.

"இது என்னங்ண்ணா?"

"கோதுமைம்மா."

"நெல் நாத்து."

வேடியப்பன் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தார். மணலூர்பேட்டை நாற்றங்காலில் பிடுங்கி நட்டது அவர் யோசனை.

"இதென்ன குங்குமம்?"

"திருஷ்டி கழிச்சோம்மா" என்றார் கொளஞ்சியப்பன்.

தங்கமணி மீட்டரைப் பூட்டி அளந்தார். கரியாலூர்த் தட்டுகள் முன்பு இருந்ததுபோலவே, பெரிய மாற்றமில்லாமல் இருந்தன. கள்ளக்குறிச்சித் தட்டுகள் இத்தனை நாள் வெளிச்சத்துக்கு இன்னும் சோர்ந்திருக்க வேண்டும்; ஆனால் முன்பைவிடத் தெளிந்திருந்தன. அவர் கவ்வியைக் கழற்றினார்.

"ஓய்வு குடுத்திருக்கீங்க. எங்கீங்ண்ணா கூட்டிட்டுப் போனீங்க இதுகள?"

வழி முழுக்க ஒற்றை விளக்கில் தார்ப்பாய்க்குள் மங்கலாக வந்தது அவற்றுக்கு நல்ல ஓய்வாகப் போயிருந்தது. கொளஞ்சியப்பன் சொல்லத் தொடங்கினார். தங்கமணி தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். சாதம் ஊட்டப்போன பிள்ளையை யாரோ திருவிழாவுக்குத் தூக்கிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டதுபோல் அவர் முகம் இருந்தது. அவர் திட்ட ஆரம்பிக்கும் நேரத்தில் வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது.

காசியம்மாளின் எருமை அன்று விடிகாலை பால் கறக்கவில்லை. மலைச்சாமி கோபித்துக்கொண்டுவிட்டது. பரிகாரம் கேட்டு அவர் தம்பி பூமாலையையும் ராஜாம்பாளையும் கூட்டிக்கொண்டு, தேங்காய் பழத்தோடு உடனே புறப்பட்டு, விசாரித்து விசாரித்துக் கொடோனுக்கே வந்துவிட்டார்.

"சாமி எங்க?" என்றார் காசியம்மாள்.

"எந்தச் சாமிங்க?" என்றார் தங்கமணி.

இதற்குமேல் மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. எல்லாம் வெளியே வந்தது. காசியம்மாளுக்கு மட்டும் நிம்மதி. சாமி இல்லையென்றால் சாபமும் இல்லை. அவர் தேங்காயை அங்கேயே உடைத்து ஆளுக்கொரு சில்லாகக் கொடுத்தார். பூமாலை வாங்கிக்கொள்ளவில்லை.

"கோதுமையைக் காட்டி ஊரையே கும்புட வச்சிட்டியேடா! என்னை மேளத்தோட எல்லையில நிக்க வச்சிட்டியே! மாலை வேற போட்டேனே!"

"சாமின்னு நான் சொல்லல மாமா. மலையிலேர்ந்து வருதுன்னு வேடியப்பன்தான்..."

"மாமான்னு கூப்பிட்டே, பல்லு இருக்காது!"

அவர் திரும்பி நடந்தார். நடந்தவர் பெஞ்சருகே நின்றுவிட்டார். எத்தனை கோபத்திலும் பயிரைப் பார்க்காமல் போக அவரால் முடியாது.

"இது ஏம்மா நுனி வெளுத்துக் கெடக்கு? அது அப்பிடியே கருகருன்னு கீது? ஒரே வெதைதானே?"

தங்கமணி சொன்னார். குளிரில் வளர்ந்த இலை, வெளிச்சத்தைத் தாங்கும் விதமாகத் தன்னை முன்கூட்டியே தயார்செய்து கொள்கிறது. வெதுவெதுப்பில் வளர்ந்தது அப்படிச் செய்வதில்லை. திடீரென்று நாள் முழுக்க வெளிச்சம் கொட்டினால் திணறிவிடுகிறது. பூமாலை ஒரு இலையை விரலில் தேய்த்துப் பார்த்தார். இன்னொன்றைக் கடித்தே பார்த்தார்.

"ஆனா ஊரு நாத்தும் சாவலியே."

"ஓய்வு கெடைச்சதுங்க. இவரு உங்கூருக்குக் கூட்டிட்டு வந்தாருல்ல."

"இனிமே ஒன்னும் கெடையாது" என்றார் பூமாலை, யாரும் கேட்காமலே. "பொண்ணு கெடையாது. பொய்க்காரன்."

அதுவரை தேங்காயைத் தின்றுகொண்டிருந்த ராஜாம்பாள் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எப்பா, நீ இன்னா சொன்னே? வெளக்கு அணையக் கூடாதுன்னுதானே சொன்னே?"

"ஆமா."

"அணைஞ்சுதா?"

"அதுக்காவ பொய் சொல்லலாமா?"

"பொய் சொல்லக் கூடாதுன்னு நீ சொல்லலியே."

பூமாலை மகளைப் பார்த்தார்; கொளஞ்சியப்பனைப் பார்த்தார். இவர்கள் இருவரும் வெகு நாளாகச் சேர்ந்து குடும்பம் நடத்துகிறவர்கள்போல் ஒரே மாதிரி நியாயம் பேசுவது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர் கேட்கச் சொன்ன சொல் வேறு. அக்கா காசியம்மாள், "வாய வச்சிக்கினு சும்மா இருக்காம சபதம் போட்டது யாரு?" என்று எரிகிற அடுப்பில் இன்னும் ஒரு விறகைச் சொருகினார்.

"சரி" என்றார் பூமாலை. "வைகாசியில வச்சிக்கலாம். ஆனா ஒன்னு. இனிமே இவன் மணலூர்பேட்டையில லைட்டு போடக் கூடாது."

"ஏன் மாமா? ஒன்னுகூட அணையலியே!"

"ஊரு மாப்புள கம்பத்துல ஏறித் தொங்கினா எனக்குக் கேவலம். திருவிழாவுக்கு வா, விருந்து சாப்பிடு, வேடிக்கை பாரு. கம்பத்தைத் தொட்டே..."

பெண் கிடைத்த சந்தோஷத்தில் கொளஞ்சியப்பன் இதற்கும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டார். தங்கமணி நெல்லைப் பிடுங்கிய தட்டில் புதிதாகக் கோதுமை விதை போட்டு, வெளிச்சக் கணக்கை முதலிலிருந்து தொடங்கினார். பங்குனி முடியும்வரை கொளஞ்சியப்பன் ஒரு கல்யாணத்துக்கும் போகாமல் கொடோனிலேயே கிடந்தார். கடைசியில் முடிவு முன்பு கண்டதுதான்: ஊர் நாற்று வெகுவாகச் சோர்ந்தது; மலை நாற்று கொஞ்சம்தான் சோர்ந்தது. வைகாசிக் கல்யாணத்துக்குத் தங்கமணி வந்திருந்தார்.

1989 தை ஐந்து. மணலூர்பேட்டை ஆற்றில் அரங்கநாதனின் விளக்குகள். புது மாப்பிள்ளைக்கு மணலில் தனி நாற்காலி போட்டு, புது வேட்டியோடு உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் ராஜாம்பாள். எதிர்க் கம்பத்தில் ஒரு டியூப் லைட் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. சிமிட்டியது, நின்றது, மறுபடி சிமிட்டியது. கொளஞ்சியப்பனின் வலது கை தானாகத் தொடையில் ஏதோ திருகிக்கொண்டிருந்தது.

"ஸ்டார்ட்டர்தான்" என்றார் மெல்ல. "ஒரே ஒரு திருகு."

"எழுந்தே, எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்."

"இப்ப எங்க இருக்கோம்? உங்கம்மா வூட்டுலதானே?"

"அப்ப உன்னை அனுப்பிடுவேன்."

கம்பத்தின் மேலிருந்து அரங்கநாதன் கீழே பார்த்து, மாப்பிள்ளைக்குப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டார். விளக்கு மறுபடி சிமிட்டியது. பூமாலை கோலி சோடாவை உடைத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"குடிங்க மாப்ள. வேடிக்கை பாருங்க."

கொளஞ்சியப்பன் குடித்தார்.